வெறுமையாகத் திரும்பாத தட்டு



மார்கழி மழை சற்றே ஓய்ந்த ஒரு மாலைப் பொழுதை நினைத்துப் பாருங்கள். முற்றத்தில் ஈரம் காயவில்லை. வாசலில் நட்சத்திர விளக்கு ஒளிர்கின்றது. திண்ணையின் ஒரு மூலையில் பிள்ளைகள் பாலன் குடில் கட்டிக்கொண்டிருக்கின்றார்கள். குசினியிலிருந்து கொதிக்கும் தேங்காய் எண்ணெயின் மணமும், பயற்றம் பணியாரத்தின் மணமும் தெரு வரைக்கும் வருகின்றன. நத்தார் வந்துவிட்டது என்பதை நாட்காட்டி சொல்லுமுன்பே நம் வீட்டுக் குசினிகள் சொல்லிவிடுகின்றன.

நத்தார் நாள் காலையில் திருப்பலி முடிந்து வீடு திரும்பியதும் நம் அன்னையர் செய்கின்ற முதல் வேலை யாது? தட்டுகளை எடுத்து வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் இரண்டு முறுக்கு, இரண்டு பணியாரம், ஒரு துண்டு கேக், ஒரு கதலி வாழைப்பழம் என்று நிரப்பி, மேலே ஒரு வெள்ளைத் துணியால் மூடி, பிள்ளைகளின் கையில் கொடுத்து, "இது கிழக்கு வீட்டுக்கு, இது மேற்கு வீட்டுக்கு" என்று அனுப்புவதுதான். கதியால் வேலி இருந்த காலத்தில் வேலியில் ஒரு சிறு பொட்டு இருந்தது. தட்டு அதன் வழியே போயிற்று. இன்று மதில்கள் எழுந்துவிட்டன. தட்டு படலையைச் சுற்றிப் போகின்றது. ஆயினும் போகின்றது. அதுவே நமது பேறு.

அந்தத் தட்டு ஒருபோதும் வெறுமையாகத் திரும்புவதில்லை என்பதையும் நீங்கள் அறிவீர்கள். வாங்கியவர் பலகாரத்தைத் தம் பாத்திரத்தில் கொட்டிவிட்டு, அந்தத் தட்டில் ஒரு பிடி சீனியையோ, இரண்டு பழத்தையோ வைத்துத்தான் பிள்ளையிடம் கொடுத்தனுப்புவார். வெறுந்தட்டைத் திருப்பிக் கொடுப்பது நம்மிடையே வழக்கமன்று. எந்த நூலிலும் எழுதப்படாத இந்தச் சட்டத்தை நம் சமூகம் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்திருக்கின்றது. எத்தனையோ முறை பிரசங்க மேடையில் நின்று இதனை நான் வியந்து போற்றியிருக்கின்றேன்.

ஆனால் ஒரு நத்தார் நாளில், சாத்தப்பட்ட ஒரு கதவின் முன்னே நின்றபோதுதான், இந்த அழகிய வழக்கத்துக்கு ஒரு மறுபக்கம் உண்டு என்பதை உணர்ந்தேன். அதைப்பற்றியே இன்று உங்களோடு சிந்திக்க விரும்புகின்றேன்.

சாத்தப்பட்ட கதவு

அது 2022ஆம் ஆண்டு. நம் நாடு பொருளாதார நெருக்கடியில் நசுங்கிய அந்த ஆண்டை எந்தக் குடும்பமும் மறந்திராது. எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்று களைத்த ஆண்டு அது. அவ்வாண்டு செப்டெம்பர் மாதத்தில், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, உணவுப் பொருட்களின் விலை அதற்கு முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ 95 சதவீதம் உயர்ந்திருந்தது. கடலுக்குப் போக மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் கரையில் கிடந்தன.

நத்தார் காலையில், திருப்பலிக்கு வர இயலாத நோயாளருக்கு நற்கருணை கொண்டு செல்வது எனது வழக்கம். அவ்வாறு கடற்கரையோரத்து வீடு ஒன்றுக்குச் சென்றேன். குடும்பத் தலைவர் முதுகில் அடிபட்டு ஓராண்டாகப் படுக்கையில் இருந்தார். வீட்டின் கதவு சாத்தப்பட்டிருந்தது. தட்டினேன்; பதில் இல்லை. உள்ளே ஆள் இருப்பது தெரிந்தது. மறுபடியும் தட்டி என் பெயரைச் சொன்னதும் கதவு மெல்லத் திறந்தது. அந்தத் தாய் நாணிக் குறுகி நின்றார்.

"குறை நினைக்காதேங்கோ சுவாமி. பக்கத்து வீட்டுப் பிள்ளை தட்டோட வருகுது எண்டு நினைச்சன். வாங்கினால் தட்டில ஏதும் வைச்சுக் குடுக்க வேணுமெல்லோ. வீட்டில சீனிகூட இல்லை. அதுதான் கதவைச் சாத்தி வைச்சன்" என்றார்.

அன்பானவர்களே, அந்தச் சொற்கள் இன்றளவும் என்னை விட்டு அகலவில்லை. அவரது வீட்டில் பசி இருந்தது. ஆனால் பசியைவிடப் பெரிதாக அவரை வருத்தியது, திருப்பிக் கொடுக்க ஒன்றுமில்லை என்ற வெட்கமே. அன்போடு வந்துகொண்டிருந்த ஒரு தட்டுக்கு அஞ்சி ஒரு குடும்பம் பிறப்பு விழா நாளில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தது. அந்தப் பங்கின் மேய்ப்பனாகிய நானோ, அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைதான் வெறுந்தட்டைத் திருப்பாத நம் பண்பைப் பெருமையாகப் பேசியிருந்தேன்! நோயாளருக்கு நற்கருணை வழங்கிவிட்டு வெளியே வந்தபோது, என் பேச்சை எண்ணி நானே வெட்கினேன்.

லூக்கா நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில், விருந்தளிக்கும்போது நண்பரையும் உறவினரையும் செல்வரான அயலவரையும் மட்டும் அழைக்க வேண்டாம், திருப்பிச் செய்ய இயலாத ஏழைகளையும் உடல் ஊனமுற்றோரையும் அழையுங்கள் என்று ஆண்டவர் கற்பிக்கின்றார். நாம் அதனைப் பலமுறை கேட்டிருக்கின்றோம். அதனால்தான் நத்தார்க் காலத்தில் ஏழைகளுக்கு உலருணவுப் பொதிகளைக் கொடுக்கின்றோம். அது நல்லதே, செய்யத்தான் வேண்டும். ஆனால் திருப்பிச் செய்ய இயலாதவரின் மனம் என்ன பாடுபடுகின்றது என்பதையும் நாம் எண்ணிப் பார்த்திருக்கின்றோமா? கொடுப்பது நமக்கு மகிழ்ச்சி. பெறுவது மட்டுமே தன் பங்கு என்றாகிவிட்ட மனிதருக்கு அந்த மகிழ்ச்சி எங்கே?

ஆச்சி கற்றுத்தந்த பாடம்

இந்தக் கேள்விக்கான விடை எனக்குச் சிறுவயதிலேயே தரப்பட்டிருந்தது. அதனை நான்தான் மறந்துபோயிருந்தேன்.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் இரவு. வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வீடு வாசல்களை விட்டு, மழையில் நனைந்தபடி, நாவற்குழிப் பாலம் கடந்து தென்மராட்சிக்கு நடந்த இரவு அது. எனக்கு அப்போது 15 வயது. சாவகச்சேரிக்கு அப்பால் ஒரு கிராமத்தில், முன்பின் அறியாத ஒரு சைவக் குடும்பத்தினர் எங்களுக்கு இடம் தந்தார்கள். அவர்களது வீட்டில் ஏற்கனவே மூன்று குடும்பங்கள் இருந்தன. குசினியை ஒட்டிய சிறு தாழ்வாரம் எங்கள் வீடாயிற்று. இரண்டு மாதம் அவர்களுடைய கிணற்றில் குளித்தோம். அவர்களுடைய அடுப்பில் சமைத்தோம். என் தாயார் வாயில் 'நன்றி' என்ற சொல்லைத் தவிர வேறு சொல் வருவது அரிதாயிற்று. நாளுக்கு நாள் அவர் குனிந்து, குறுகிப் போய்க்கொண்டிருந்ததை நாங்கள் கண்டோம்.

நத்தாருக்கு இரண்டு நாள் இருக்கையில், அந்த வீட்டு ஆச்சி ஒரு சுளகில் எதையோ மூடிக்கொண்டு தாழ்வாரத்துக்கு வந்தார்.

"பிள்ளை, நாளையிண்டைக்கு உங்கட பெருநாள் எல்லோ? ஊரில எண்டால் அயலுக்கெல்லாம் பலகாரம் குடுத்திருப்பாய். இந்த முறை நாங்கள்தான் உனக்கு அயல். இந்தா, பயற்றம் மாவும் பனங்கட்டியும். சுட்டு எங்களுக்கும் தா."

என் தாயார் அந்தச் சுளகை வாங்கிக்கொண்டு அழுதார். வந்த நாள்முதல் அவர் சிரித்து நாங்கள் கண்டது அதற்குப் பின்புதான். இரவு முழுவதும் இருந்து பணியாரம் சுட்டார். நத்தார் காலையில், அந்த வீட்டிலிருந்த எல்லாக் குடும்பங்களுக்கும், முதலாவதாக ஆச்சிக்கும், தன் கையால் தட்டில் வைத்துக் கொடுத்தார். ஆச்சி தட்டைத் திருப்பித் தரும்போது அதில் ஒரு துண்டு பனங்கட்டி இருந்தது. வெறுமையாகத் தரவில்லை. என் தாயாரைத் தமக்குச் சமமான ஓர் அயலவராக ஆச்சி மதித்தார் என்பதற்கு அந்தச் சிறு துண்டே சாட்சி.

ஆச்சி அந்த மாவில் தாமே பணியாரம் சுட்டு எங்களுக்குத் தந்திருக்கலாம். அதுவும் அன்பேயாகும். ஆனால் அப்போது என் தாயார் மறுபடியும் ஒருமுறை 'நன்றி' சொல்லிக் குனிந்திருப்பார். மாறாக, பெறுபவராக இருந்த ஒருத்தியை ஆச்சி கொடுப்பவராக ஆக்கினார். அயலவருக்குச் செய்யக்கூடிய உதவிகளுள் இதுவே தலையாயது என்று இன்று நான் எண்ணுகின்றேன்.

2000ஆம் ஆண்டில் போர் தென்மராட்சியைச் சூழ்ந்தபோது இடம்பெயர்வது அந்த மக்களின் முறையாயிற்று. என் தாயார் ஆச்சியின் குடும்பத்தைத் தேடினார். அவர்கள் வடமராட்சிப் பக்கம் போய்விட்டதாக அறிந்தோம். வேறொரு குடும்பம் எங்கள் வீட்டுக்கு வந்து தங்கியது. வந்த மறுநாளே, அந்தக் குடும்பத்துப் பெண்ணிடம் என் தாயார், "உங்கட ஊர்ப்பக்கம் ஒடியற்கூழ் எப்பிடிக் காய்ச்சுறனீங்கள்? எனக்கும் ஒருக்காக் காட்டித் தாங்கோ" என்று கேட்டார். கூழ் காய்ச்ச அவருக்குத் தெரியாதா என்ன? ஆச்சியிடம் கற்ற பாடத்தை அவர் மறக்கவில்லை.

பெறுபவராக வந்த இறைவன்

அன்பார்ந்த குடும்பத்தினரே! நாம் கொண்டாடும் பிறப்பு விழாவின் உட்பொருளும் இதுவே அல்லவா? விண்ணையும் மண்ணையும் படைத்தவர் மண்ணுலகுக்கு வரும்போது கொடையாளியின் கோலத்தில் வரவில்லை. எல்லாவற்றையும் பிறரிடமிருந்து பெறவேண்டிய ஒரு பச்சிளங் குழந்தையாகவே வந்தார். படுக்க ஒரு தீவனத் தொட்டி, போர்த்த ஒரு துணி, பருகத் தாயின் பால், காக்கப் புனித யோசேப்பின் கரங்கள், கண்டு மகிழ இடையர்கள் என அனைத்தையும் பிறரிடமிருந்தே அவர் பெற்றார். ஞானிகள் கொண்டுவந்த பொன்னையும் தூபத்தையும் வெள்ளைப்போளத்தையும் தமக்குத் தேவையில்லை என்று அவர் திருப்பியனுப்பவில்லை. கொடுக்கும் பெருமையை முதன்முதலில் நமக்கு அளித்தவர் அவரே.

வளர்ந்த பின்னும் அவர் அவ்வாறே நடந்துகொண்டார். சமாரியப் பெண்ணிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டார். சக்கேயுவின் வீட்டில் விருந்தினராகத் தங்குவதாகத் தாமே சொன்னார். ஊரார் வெறுத்து ஒதுக்கிய அவ்விருவரும், ஆண்டவர் அவர்களிடம் ஏதோ ஒன்றைக் கேட்டதனாலேயே நிமிர்ந்து நின்றார்கள்.

அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் 1223ஆம் ஆண்டில் இத்தாலியின் கிரேச்சியோ என்னும் சிற்றூரில் நத்தார்க் குடில் அமைத்த வரலாற்றையும் இங்கே நினைவுகூரலாம். அக்குடிலுக்கு அவர் எதையும் விலைகொடுத்து வாங்கவில்லை. விழாவுக்கு ஏறத்தாழ இரு வாரங்களுக்கு முன்பே அவ்வூரைச் சேர்ந்த யோவான் என்ற நண்பரிடம், தீவனத் தொட்டியும் வைக்கோலும் ஒரு மாடும் ஒரு கழுதையும் ஆயத்தம் செய்து தரும்படி கேட்டார். அந்த இரவில் அயலூர் மக்கள் மெழுகுதிரிகளும் பந்தங்களும் ஏந்தி வந்து மலைச்சாரலை ஒளிபெறச் செய்தார்கள். நத்தார் நாளில் செல்வர் ஏழைகளை வயிறார உண்பிக்க வேண்டும், மாட்டுக்கும் கழுதைக்கும்கூட வழமையைவிட அதிகம் தீனி போடவேண்டும் என்று அவர் விரும்பியதாக அவரது வரலாற்றை எழுதிய செலானோ தோமா குறிப்பிடுகின்றார். இன்று நம் வீடுகளில் நாம் கட்டும் ஒவ்வொரு குடிலும், அயலவரிடம் இரந்து பெற்று அமைத்த அக்குடிலின் வழிவந்ததே.

நம் நாட்டுத் திருச்சபையின் கதையும் வேறன்று. கோவாவிலிருந்து புறப்பட்டு வந்த புனித யோசேவாஸ் அடிகளார் 1687ஆம் ஆண்டில் ஒரு பிச்சைக்காரரின் கோலத்தில், வயிற்றோட்ட நோயால் நலிந்து, யாழ்ப்பாணத்தை அடைந்தார். கத்தோலிக்கக் குரு ஒருவருக்கு அடைக்கலம் தருவது ஒல்லாந்தர் ஆட்சியில் கடுந்தண்டனைக்குரிய குற்றம். ஆயினும் நம் முன்னோர் அவரைத் தங்கள் வீட்டில் ஏற்றார்கள். சில்லாலை மக்கள் அவரைக் காத்தார்கள். இத்தீவின் விசுவாசத்தைத் தட்டியெழுப்பிய மாமனிதர் நம் முன்னோரிடம் முதலில் வந்தது, ஓர் உதவி வேண்டிய அயலவராகத்தான். 2015ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் கொழும்பு காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தியபோது, பெயர் அறியப்படாத அந்த யாழ்ப்பாணத்து வீட்டாரையும் நான் மனத்துள் வணங்கினேன்.

நம் குடும்பங்கள் செய்யக்கூடியவை

இனி, இந்தத் திருநாட்களில் நம் குடும்பம் என்ன செய்யலாம் என்று பார்ப்போம். பெரும் பணம் இதற்குத் தேவையில்லை. கண்ணும் காதும் திறந்திருந்தால் போதும்.

முதலாவதாக, ஒரு நாள் மாலைச் செபமாலை முடிந்தபின், தொலைக்காட்சியைச் சற்று நிறுத்திவிட்டுக் குடும்பமாக அமருங்கள். நம் வீட்டைச் சூழ உள்ள வீடுகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பாருங்கள். 'என்ன கொடுக்கலாம்' என்று தொடங்காதீர்கள். 'அங்கே யார் இருக்கின்றார்கள், எப்படி இருக்கின்றார்கள்' என்று கேளுங்கள். பெரியவர்களுக்குத் தெரியாத பல செய்திகளைப் பிள்ளைகள் சொல்வார்கள். எந்த வீட்டுப் பிள்ளை பாடசாலைக்கு வெறும் வயிற்றோடு வருகின்றது, எந்த வீட்டு அப்பப்பா தனியே பேசிக்கொண்டிருக்கின்றார் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும்.

இரண்டாவதாக, கொடுப்பதற்கு முன்னே கேளுங்கள். தனித்து வாழும் மூதாட்டியிடம், "அரியதரத்துக்குப் பாகு எந்தப் பதத்தில இறக்கிறது? வந்து காட்டித் தாங்கோ" என்று கேளுங்கள். சைவ அயலவரிடம் குடிலுக்கு வைக்கோல் கேளுங்கள். அவருடைய பிள்ளைகளையும் குடில் கட்ட அழையுங்கள். கேட்பதனால் நாம் சிறுமைப்படுவதில்லை. கேட்கப்படுபவரோ தாமும் வேண்டப்பட்டவர் என்று அறிந்து மகிழ்கின்றார்.

மூன்றாவதாக, நாம் அனுப்பும் தட்டு, பெறுபவர் உண்ணக்கூடிய தட்டாக இருக்கட்டும். சைவ மக்களின் திருவெம்பாவைக் காலம் நத்தாரை ஒட்டி வருவதுண்டு. அவர்கள் நோன்பிருக்கும் நாட்கள் அவை. அவர்களுக்கான பலகாரத்தை, மச்சம் பொரிக்காத சட்டியில், புதிய எண்ணெயில் முதலிலேயே சுட்டு எடுத்து வைத்துவிடலாம். முஸ்லிம் அயலவருக்கு மதுபானம் கலவாத கேக் தனியே செய்யலாம். நீரிழிவு நோயுள்ளவருக்கு இனிப்புக்குப் பதிலாகப் பழம் வைக்கலாம். அண்டை வீட்டார் பொங்கலுக்கும் நோன்புப் பெருநாளுக்கும் நம்மை மறவாமல் அனுப்பிய பொங்கலையும் வட்டிலப்பத்தையும் எண்ணிப் பாருங்கள். அவர் எதை உண்பார், எதை உண்ணார் என்று நினைத்துப் பார்ப்பதே அன்பின் தொடக்கம்.

நான்காவதாக, பிள்ளைகள் கனடாவிலும் இலண்டனிலும் இருக்க, பெரிய வீட்டில் தனித்திருக்கும் பெற்றோரை நினையுங்கள். அவர்களுக்குப் பணம் வருகின்றது, மனிதர் வருவதில்லை. நள்ளிரவுத் திருப்பலிக்கு நீங்கள் ஓட்டோவில் போகின்றீர்களாயின் ஓர் இருக்கையை அவர்களுக்கு ஒதுக்குங்கள். வெளிநாட்டுப் பேரப்பிள்ளைகளின் முகத்தைக் கைத்தொலைபேசியில் காண்பதற்கு உங்கள் வீட்டு இளைஞன் பத்து நிமிடம் உதவட்டும்.

ஐந்தாவதாக, துயர வீடுகளை மறவாதீர்கள். அவ்வாண்டில் இழவு கண்ட வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைப்பதில்லை. அங்கே அயலவர்தாம் பலகாரம் கொண்டு செல்ல வேண்டும். 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள், நத்தாருக்கு மறுநாள் காலையில், ஆழிப்பேரலை நம் கரையோரங்களை அள்ளிச் சென்றது. முதல் நாள் தட்டு மாற்றிக்கொண்ட அயலவர்கள் மறுநாள் இல்லாமற்போனார்கள். வடக்கிலும் கிழக்கிலும் எத்தனையோ வீடுகளில் நத்தார் மகிழ்ச்சியும் நினைவு நாளின் துயரமும் இன்றும் அடுத்தடுத்தே வருகின்றன. 26ஆம் நாள் அப்படிப்பட்ட ஒரு வீட்டுக்குச் சென்று, ஒரு மெழுகுதிரி ஏற்றி, இறந்தவரின் பெயரைச் சொல்லிச் செபித்து, அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு சற்று நேரம் இருங்கள். ஆறுதல் வார்த்தைகள் தேடவேண்டியதில்லை. அருகில் இருந்தாற் போதும்.

ஆறாவதாக, பகைத்திருக்கும் அயலவர். நம் ஊர்களில் ஒரு முழ எல்லைக்காக ஆண்டுக்கணக்கில் வழக்காடும் குடும்பங்கள் உண்டு. காணிக்கை செலுத்த வந்தவன் முதலில் சகோதரனோடு ஒப்புரவாகட்டும் என்று மத்தேயு நற்செய்தியின் 5ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் பணித்தது நமக்கே. வழக்கு அதன் வழியில் நடக்கட்டும். தட்டு இதன் வழியில் போகட்டும். முதல் ஆண்டு அது திறக்கப்படாமலே திரும்பக்கூடும். மறு ஆண்டும் அனுப்புங்கள். அந்தத் தட்டைப் பிள்ளையிடம் கொடுத்தனுப்பாமல் நீங்களே எடுத்துச் செல்லுங்கள். பெரியவர்களின் பகையைப் பிள்ளைகளின் தலையில் சுமத்தலாகாது.

இறுதியாக, நம் மகிழ்ச்சி பிறருக்குத் தொல்லையாகாதிருக்கட்டும். அடுத்த வீட்டில் கைக்குழந்தையோ நோயாளியோ இருக்குமாயின், பட்டாசு வெடிக்காதிருப்பதும் ஒலிபெருக்கியின் ஓசையைக் குறைப்பதும்கூட நத்தார்க் கொடைகளே. பெரிய தேவை உள்ள குடும்பங்களை உங்கள் பங்கின் புனித வின்சென்ட் டி போல் சபையினருக்கு மறைவாக அறிவியுங்கள். 1833ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் ஒசானாம் என்ற 20 வயது மாணவரும் அவர்தம் நண்பர்களும் தொடங்கிய அச்சபையினர், ஏழைகளைத் தங்களிடம் வரவழைக்காமல் அவர்களின் வீடு தேடிச் செல்வதையே தமது பணியின் உயிராகக் கொண்டவர்கள். கொடுக்கும்போது தயவுசெய்து புகைப்படம் எடுக்காதீர்கள். வலக்கை செய்வதை இடக்கை அறியலாகாது என்றவரின் பிறந்தநாளில், ஓர் ஏழையின் தாழ்ந்த முகத்தை ஊரறியக் காட்டுவது எவ்வளவு பெரிய முரண்!

முறுக்கு உரல்

சாத்தப்பட்ட அந்தக் கதவின் கதையை நான் முடிக்கவில்லை.

அடுத்த ஆண்டு, 2023ஆம் ஆண்டு திருவருகைக் காலத்தில், பெயர் குறிப்பிடாமல் அந்நிகழ்வைப் பிரசங்கத்தில் சொன்னேன். பக்கத்து வீட்டார் அது தங்கள் தட்டைப் பற்றியதென்று விளங்கிக்கொண்டார்களோ என்னவோ, நான் அறியேன். அவர்கள் குடும்பமாகக் கூடிப் பேசியிருக்கின்றார்கள். அவ்வீட்டுச் சிறுமி, "அந்த மாமி வீட்டில பழைய பித்தளை முறுக்கு உரல் இருக்குது, நான் கண்டனான்" என்று சொல்லியிருக்கின்றாள்.

நத்தாருக்கு மூன்று நாள் முன்பு, அந்தப் பெண் வேலியருகே சென்று, "அக்கா, எங்கட உரல் சரியாப் பிழியுதில்லை. உங்கட பித்தளை உரலை ஒருக்காத் தாறியளோ?" என்று கேட்டிருக்கின்றார். அந்தத் தாய் உரலைத் தேடியெடுத்து, புளி போட்டு மினுக்கிக் கொடுத்திருக்கின்றார். நத்தார் நாள் காலையில் உரல் திரும்பி வந்தது. அயலவரிடம் இரவல் வாங்கிய பாத்திரம் வெறுமையாகத் திரும்பலாமா? உரலோடு ஒரு பெட்டி நிறைய முறுக்கும் வந்தது.

அவ்வாண்டு நான் நற்கருணையோடு அவ்வீட்டுக்குச் சென்றபோது கதவு அகலத் திறந்திருந்தது. "சுவாமி, இருங்கோ, முறுக்குச் சாப்பிட்டிட்டுப் போங்கோ. எங்கட உரலில பிழிஞ்சது" என்றார் அந்தத் தாய். அன்று நான் உண்டதைப்போல் சுவையான முறுக்கை அதற்குமுன் உண்டதில்லை.

அன்பார்ந்த வாசகர்களே, இந்த நத்தாரில் உங்கள் அயலில் சாத்தியிருக்கும் கதவு எது என்று பாருங்கள். அந்த வீட்டில் என்ன இல்லை என்பதை ஊர் அறியும். அங்கே என்ன இருக்கின்றது என்பதை நீங்கள் கண்டுபிடியுங்கள். அதைக் கேட்டு வாங்குங்கள். தீவனத் தொட்டியில் கிடந்து நம் கைகளை எதிர்பார்த்த பாலன் இயேசு, உங்கள் இல்லத்தையும் உங்கள் அயலவரின் இல்லத்தையும் தம் சமாதானத்தால் நிரப்புவாராக!

செபிப்போம்: எங்கள் நடுவே குழந்தையாக வந்த ஆண்டவரே, கொடுக்கும்போது பெருமை கொள்ளாத மனத்தையும், பெறும்போது வெட்கப்படாத மனத்தையும் எங்கள் குடும்பங்களுக்குத் தந்தருளும். அயலவரின் கதவைத் தட்டும் துணிவையும், எங்கள் கதவைத் திறந்து வைக்கும் தாராளத்தையும் எங்களில் வளர்த்தருளும். ஆமென்.